நாலுக்குப் பிறகு ஏழு என்று எழுதிய பிள்ளை



கொஞ்சம் நீளமான பதிவு. கணக்குப் பாடத்தைப் பற்றியது. "உது எங்களுக்கேன்" என்று கடந்து போயிடாதேங்கோ. கடைசியில் கீரிமலைச் சனத்திடம் ஒரு உதவி கேட்டிருக்கிறேன்.

போன கிழமை இரவு, என்னிடம் முன்பு படித்த பிள்ளை ஒருத்தி கோல் எடுத்தா. உயர்தரத்தில் இணைந்த கணிதத்துக்கு ஏ எடுத்த பிள்ளை. இப்ப கம்பஸில் முதலாம் வருடம்.

"சேர், எனக்கு ரியல் அனாலிசிஸ் ஒண்டும் விளங்கேல்ல. பாடத்தை மாத்துவம் எண்டு யோசிக்கிறன்."

"எதில நிக்கிறீங்கள் பிள்ளை?"

"முதல் பகுதியிலேயே சேர். சீக்குவென்ஸ், சப்சீக்குவென்ஸ். கணக்கே இல்ல சேர், எல்லாம் வசனம்."

அந்தக் கடைசி வசனம் என்னை நித்திரை கொள்ள விடவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. அன்று பின்னேரம்தான் தரம் 7 கொப்பிகள் திருத்தினேன். எண்கோலங்கள் பயிற்சி. 1, 2, 4, அடுத்த எண் என்ன? எல்லாரும் 8 எழுதியிருந்தார்கள். ஒரு பொடியன் மட்டும் 7 எழுதியிருந்தான். பிழை போட்டேன். கொப்பியைக் கொண்டு திரும்பி வந்தான்.

"சேர், 1க்கும் 2க்கும் ஒண்டு வித்தியாசம். 2க்கும் 4க்கும் ரெண்டு. அப்ப அடுத்தது மூண்டுதானே கூடவேணும்?"

"எல்லாரும் எட்டு எண்டுதானே எழுதியிருக்கினம்" என்றேன். அவன் ஒன்றும் பேசாமல் போய்விட்டான்.

இரவு அந்த கோல் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பொடியன் சொன்னது சரி. 1, 2, 4, 7, 11, 16 என்பது ஒழுங்கான கோலம். 1, 2, 4, 8, 16 என்பதும் ஒழுங்கான கோலம். முதல் மூன்று எண்ணைப் பார்த்து நாலாவதை யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. விதியைச் சொல்லாமல் கேட்டது என் பிழை. அவனுக்குப் போட்ட பிழையும், கம்பஸில் அந்தப் பிள்ளை தடுக்கி விழுந்ததும் ஒரே இடத்தில் தொடங்குகின்றன என்பதுதான் இந்தப் பதிவில் நான் சொல்ல வந்தது.

ஐந்து எண் தந்தாலும் போதாது. ஒரு வட்டத்தில் புள்ளிகள் வைத்து, ஒவ்வொரு சோடிப் புள்ளியையும் நேர்கோட்டால் இணையுங்கள். மூன்று கோடுகள் ஒரே புள்ளியில் சந்திக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். வட்டம் எத்தனை துண்டாகிறது? ஒரு புள்ளிக்கு 1, இரண்டுக்கு 2, மூன்றுக்கு 4, நாலுக்கு 8, ஐந்துக்கு 16. ஆறு புள்ளிக்கு? 32 என்றுதான் வாய் சொல்லும். கீறி எண்ணிப் பாருங்கள், 31 வரும்.

எங்கள் ஊரிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக் கேணியடியும் கடற்கரையும் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2020இல் அது ஜூலை 20. 2021இல் ஓகஸ்ட் 8. 2022இல் ஜூலை 28. ஒருமுறை 19 நாள் பிந்தியது, அடுத்த முறை 11 நாள் முந்தியது. அப்படியானால் 2023இல்? திரும்ப 11 நாள் முந்தினால் ஜூலை 17. 19 நாள் பிந்தினால் ஓகஸ்ட் 16. நடந்தது என்ன? அந்த ஆடியில் ஜூலை 17, ஓகஸ்ட் 16 என்று இரண்டு அமாவாசை வந்தது. இரண்டு விடையும் சரி! பஞ்சாங்கம் கணிக்கிறவர் முந்திய மூன்று திகதியைப் பார்த்து ஊகிப்பதில்லை. சந்திரனும் சூரியனும் ஓடும் விதியைப் பார்க்கிறார்.

சீக்குவென்ஸ் என்பதைத் தமிழில் தொடர்வரிசை என்போம். முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று முடிவில்லாமல் போகும் எண்களின் வரிசை. அதை நிர்ணயிப்பது விதிதான். தொடக்கத்தில் தெரியும் நாலைந்து எண் அல்ல.

பள்ளிக்கூடத்தில் நாங்கள் தொடக்கத்தையே பார்க்கப் பழக்குகிறோம். கம்பஸில் கேட்கும் கேள்வி வேறு: இது கடைசியில் எங்கே போகிறது? 1, 1/2, 1/3, 1/4 என்று போகும் வரிசையை எடுங்கள். பூச்சியம் ஒருநாளும் வராது. ஆனாலும் அதன் எல்லை பூச்சியம் என்கிறோம். ஏன்? பூச்சியத்தைச் சுற்றி நீங்கள் எவ்வளவு சின்ன வேலி போட்டாலும், ஒரு கட்டத்துக்குப் பிறகு வரும் எல்லா உறுப்பும் அந்த வேலிக்குள்தான் நிற்கும். ஆயிரத்தில் ஒரு பங்கு அகலத்துக்கு வேலி போட்டால், 1001ஆவது உறுப்பிலிருந்து எல்லாம் உள்ளே. பிள்ளைகளைப் பயப்படுத்தும் எப்சிலன் என்ற எழுத்து இந்த வேலியின் அகலம்தான். முதல் ஆயிரம் உறுப்பையும் அழித்துவிட்டு வேறு எதை எழுதினாலும் எல்லை மாறாது. பதினொரு வருடம் தொடக்கத்தைப் பார்த்து விடை சொல்லப் பழகிய பிள்ளையிடம், தொடக்கம் ஒரு பொருட்டே இல்லை என்றால் தலை சுற்றாமல் என்ன செய்யும்?

அடுத்தது சப்சீக்குவென்ஸ், உபதொடர்வரிசை. அந்தப் பிள்ளைக்கு இதைப் போனில் விளங்கப்படுத்த எனக்குக் கைகொடுத்தது எங்கட பஸ்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து கீரிமலைக்கு வரும் பஸ் கொக்குவில், தாவடி, இணுவில், மருதனார்மடம், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம், கீரிமலை என்று நின்று வருகிறது. இது முழு வரிசை. இப்ப ஒரு கடுகதி பஸ்ஸை நினையுங்கள். அது கொக்குவில், இணுவில், சுன்னாகம், கீரிமலை என்று நாலு இடத்தில் மட்டும் நிற்கிறது. சில தரிப்பிடங்களை விட்டுவிட்டது; ஒழுங்கை மாற்றவில்லை. சுன்னாகத்தில் நின்றுவிட்டு இணுவிலுக்குத் திரும்பிப் போகாது. உபதொடர்வரிசையும் இதுதான். எதையும் விடலாம், பின்னுக்குப் போகக் கூடாது. ஒரு வித்தியாசம், எங்கட ரோட்டு கடலோடு முடிகிறது, தொடர்வரிசை முடிவதில்லை. அதனால் உபதொடர்வரிசையும் முடியாமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும். பத்துப் பதினைந்து எண்ணைப் பொறுக்கி எடுத்தால் அது உபதொடர்வரிசை ஆகாது.

இன்னும் ஒன்று கவனியுங்கள். கடுகதியின் மூன்றாவது தரிப்பிடம் சுன்னாகம். ஊர் பஸ்ஸுக்கு அது ஐந்தாவது. கடுகதியின் மூன்றாவது தரிப்பிடம் ஊர் பஸ்ஸின் மூன்றாவதுக்கு முன்னால் ஒருபோதும் வராது. ஆகவே முழு வரிசையும் ஒரு கட்டத்துக்குப் பிறகு வேலிக்குள் போய்விட்டால், அதிலிருந்து எடுத்த உபதொடர்வரிசையும் அந்த வேலிக்குள் போயே தீரும். ஒருங்கும் வரிசை ஒன்றின் ஒவ்வொரு உபதொடர்வரிசையும் அதே எல்லைக்குத்தான் ஒருங்கும் என்ற தேற்றம் இதுதான். புத்தகத்தில் இரண்டு வரி.

"இவ்வளவுதானா சேர்?" என்று கேட்டா. இவ்வளவுதான்.

மறுபக்கம் யோசியுங்கள். ஒரு உபதொடர்வரிசை ஒருங்கினால் முழுதும் ஒருங்குமா? இல்லை. இதற்கு எங்கள் வீட்டு உதாரணம் பிறைக் கணக்கு. ஹிஜ்ரி மாதத்துக்கு 29 நாள், இல்லாவிட்டால் 30 நாள். ஒவ்வொரு றமழான் கடைசியிலும், கொழும்பு பெரிய பள்ளிவாசலில் பிறைக்குழு கூடி என்ன அறிவிக்கப் போகிறது என்று நாங்கள் காத்திருப்பது அதனால்தான். மாதங்களின் நாள் எண்ணிக்கையை வரிசையாக எழுதினால் 29ம் 30மாக மாறி மாறி வரும். பிறைக்குப் பிறை சராசரி 29.53 நாள் என்றபடியால் இரண்டில் எதுவும் ஒரேயடியாக நின்றுபோகாது. 30 நாள் மாதங்களை மட்டும் எடுத்தால் 30, 30, 30. அசையாமல் நிற்கும் உபதொடர்வரிசை. 29ஐ எடுத்தாலும் அப்படியே. ஆனால் முழு வரிசை எங்கும் ஒருங்கவில்லை. 30ஐ மட்டும் காட்டி "மாதம் என்றால் முப்பது நாள்" என்று ஒருவர் சொன்னால், அவர் காட்டியதில் பொய் இல்லை. முடிவுதான் பிழை.

இரண்டு உபதொடர்வரிசைகள் ஒரே இடத்தில் சந்திக்கும் உதாரணமும் இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டில் கேரளத்தில் இருந்த சங்கமக்கிராம மாதவன் கண்ட தொடர்: 1 கழித்தல் 1/3, கூட்டல் 1/5, கழித்தல் 1/7. கூட்டிக்கொண்டு போனால் 1, 0.667, 0.867, 0.724, 0.835, 0.744 என்று மேலும் கீழும் ஆடும். முதலாம், மூன்றாம், ஐந்தாம் இடங்களை மட்டும் பார்த்தால் இறங்கிக்கொண்டே வரும். இரண்டாம், நாலாம், ஆறாம் இடங்களைப் பார்த்தால் ஏறிக்கொண்டே போகும். இரண்டும் சேரும் இடம் பையின் காற்பங்கு, ஏறக்குறைய 0.785. ஒற்றை இடங்களும் இரட்டை இடங்களும் சேர்ந்தால் ஒரு உறுப்பும் விடுபடாது. இரண்டும் ஒரே எல்லைக்குப் போவதால்தான் முழு வரிசையும் அங்கே போகிறது என்று துணிந்து சொல்லலாம்.

அந்தப் பிள்ளை அழாக்குறையாகச் சொன்ன தேற்றத்துக்கு வருவோம். வரம்புக்குள் நிற்கும் எந்தத் தொடர்வரிசைக்கும் ஒருங்கும் உபதொடர்வரிசை ஒன்றாவது இருக்கும். பொல்சானோ, வையர்ஸ்ட்ராஸ் என்ற இருவரின் பெயரால் இதைச் சொல்வார்கள். பொல்சானோ பிராக் நகரத்து பாதிரியார். வையர்ஸ்ட்ராஸ் பத்து வருடத்துக்கு மேல் எங்களைப் போல ஒரு பள்ளிக்கூட வாத்தியார். கணக்கோடு கையெழுத்தும் உடற்பயிற்சியும் கூடப் படிப்பித்தவர்.

இதற்கும் ஆடி அமாவாசையே போதும். அது ஆடி மாதத்தின் எத்தனையாம் நாளில் வருகிறது என்று வருடா வருடம் எழுதுங்கள். என்ன ஆடினாலும் 1க்கும் 32க்கும் வெளியே போகாது. வருடங்கள் முடிவில்லாமல் போகும் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 32 பெட்டிக்குள் முடிவில்லாத எண்ணிக்கையில் சீட்டுகளைப் போட்டால், ஏதோ ஒரு பெட்டியிலாவது முடிவில்லாமல் சீட்டு விழவேண்டும். அந்தப் பெட்டிச் சீட்டுகளை வருட ஒழுங்கில் எடுத்தால், அதுவே அசையாத உபதொடர்வரிசை.

தசம எண்கள் வந்தால் இத்தனை பெட்டி என்று எண்ண முடியாது. அதற்கு ஒரு கயிற்றை நினையுங்கள். வரிசையின் எல்லா உறுப்பும் அந்தக் கயிற்றில் எங்கோ நிற்கின்றன. நடுவால் இரண்டாக்குங்கள். ஒரு பாதியிலாவது முடிவில்லாத உறுப்புகள் இருக்கும். அந்தப் பாதியைத் திரும்ப இரண்டாக்குங்கள். ஒவ்வொரு முறையும், முன்பு எடுத்ததற்குப் பிந்தி வரும் உறுப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே முடிவில்லாமல் இருப்பதால் அப்படி ஒன்று எப்போதும் கிடைக்கும். கயிறு பாதி பாதியாகச் சுருங்க, எடுத்த உறுப்புகள் ஒரு புள்ளியை நெருங்கும். தேற்றம் முடிந்தது. எந்தப் புள்ளி என்று அது சொல்லாது. ஒன்று உண்டு என்று மட்டும் சொல்லும்.

இதில் எந்த இடத்தில் தரம் 10 பிள்ளைக்கு விளங்காத கணக்கு இருக்கிறது? எனக்குத் தெரியவில்லை. பிறகேன் கெட்டிக்காரப் பிள்ளை தடுக்கி விழுகிறது? மூன்று காரணம் சொல்வேன். "ஏன்" என்று கேட்காமல் "விடை என்ன" என்று கேட்டுக் கேட்டே நாங்கள் வளர்த்திருக்கிறோம். "ஒவ்வொரு", "ஏதோ ஒரு", "ஒரு கட்டத்துக்குப் பிறகு எல்லாம்" என்ற சொற்களை எடை போட்டுப் படிக்கப் பழக்கவில்லை. இந்தப் பாடம் முழுக்க அந்தச் சொற்களில்தான் நிற்கிறது. மூன்றாவது, இதெல்லாம் முதன்முதலில் காதில் விழுவதே ஆங்கிலத்தில். புதிய யோசனையும் புதிய மொழியும் ஒரே நாளில் வந்தால் எந்தப் பிள்ளையும் தன்னைத்தான் மொக்கு என்று நினைக்கும்.

நான் இதைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. நானும் இந்தப் பகுதியைப் பாடமாக்கிச் சோதனை எழுதிப் பாஸ் பண்ணினவன்தான். விளங்கியது படிப்பிக்கத் தொடங்கிப் பல வருடத்துக்குப் பிறகு.

"உயர்தரச் சோதனையில எப்சிலன் வைச்சு நிறுவச் சொல்லிக் கேக்கிறேல்லையே, இது ஏன்?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. சோதனைக்குத் தேவையில்லைதான். ஆனால் சோதனை முடிந்த அடுத்த வருடமே தேவைப்படுகிறது. கணக்குப் படிக்கப் போகாதவருக்கும் இதில் ஒரு பகுதி தேவை என்பது என் கருத்து.

பெறுபேறு வந்த கிழமை சந்திக்குச் சந்தி கட்டும் பனர்களைப் பாருங்கள். 9 ஏ எடுத்த பிள்ளைகளின் படம் வரிசையாக இருக்கும். ஒரு பெயரும் பொய் இல்லை. ஆனால் அது பொறுக்கி எடுத்த வரிசை. அந்த வகுப்பில் மொத்தம் எத்தனை பேர் இருந்தார்கள், மற்றவர்களுக்கு என்ன நடந்தது என்று பனர் சொல்லாது. அதைப் பார்த்து வீட்டில் பிள்ளையை ஏசுகிற அம்மா அப்பாவுக்குக் கொஞ்சம் உபதொடர்வரிசை தெரிந்திருந்தால் நல்லது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் புத்தளத்தில் வளர்ந்தவன். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட கதையைக் கேட்டு வளர்ந்தவன். அதே 1990இல் கீரிமலைச் சனமும் வீடு வாசலை விட்டுப் போய், எத்தனையோ வருடம் பாதுகாப்பு வலயத்துக்கு வெளியே நின்று பார்த்திருந்தது என்பதை இங்கே படிப்பிக்க வந்த பிறகுதான் ஆளாளாகக் கேட்டு அறிந்தேன். எங்கள் வீட்டில் சொன்னது உண்மை. உங்கள் வீடுகளில் சொல்வதும் உண்மை. இரண்டு பேரும் எங்கள் எங்கள் நிகழ்வுகளை மட்டும் ஒழுங்காக எடுத்து, அதுதான் முழு வரிசை என்று நினைத்திருந்தோம். கணக்கில் முதல் ஆயிரம் உறுப்பை அழிக்கலாம். சனத்தின் கதையில் ஒன்றையும் அழிக்க ஏலாது. அந்த இடத்தில் இந்த உவமை நின்றுவிடுகிறது, அது எனக்குத் தெரியும்.

சரி, உதவிக்கு வருகிறேன்.

ஒன்று, ஆசிரியர்களிடம். எண்கோலக் கேள்வியில் பிள்ளை வேறு எண் எழுதினால், பிழை போட முன் "என்ன விதி வைச்சனீங்கள்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். விதி சரியாக இருந்தால் புள்ளி கொடுங்கள். சோதனைக்கு எந்த விடை எதிர்பார்க்கிறார்கள் என்பதையும் பக்கத்தில் சொல்லிக்கொடுங்கள். இரண்டு நிமிட வேலை.

இரண்டு, சனசமூக நிலையத்தில் இருக்கிறவர்களிடம். உயர்தரம் எழுதிவிட்டுக் கம்பஸ் கிடைக்கும்வரை பிள்ளைகள் பல மாதம் சும்மா நிற்கிறார்கள். சனிக்கிழமை காலையில் இரண்டு மணித்தியாலம் மண்டபத்தைத் தந்தால், எட்டுக் கிழமையில் தொடர்வரிசை, எல்லை, உபதொடர்வரிசை, இந்தத் தேற்றம் வரை தமிழில் சொல்லிக்கொடுக்கிறேன். ஆங்கிலச் சொல்லையும் பக்கத்தில் எழுதிக்கொள்வோம். காசு வேண்டாம். ஒரு கரும்பலகையும் சோக்கும் போதும்.

மூன்று, இப்ப கம்பஸில் கணக்குப் படிக்கும் எங்கட ஊர்த் தம்பி தங்கச்சிமாரிடம். லீவில் வந்தால் ஒரு சனிக்கிழமை வாருங்கள். எங்கே தடுக்கி விழுந்தீர்கள் என்று மட்டும் சொன்னாலும் பின்னால் வாறதுகளுக்கு அது பெரிய உதவி.

அந்தப் பிள்ளை இன்னும் பாடத்தை மாத்தவில்லை. நேற்று இரவும் கதைத்தோம். கயிற்றைப் பாதியாக்கும் நிறுவலைத் தானே எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தா. ஒரு இடத்தில் "பிந்தி வரும் உறுப்பு" என்பதை விட்டிருந்தா. அதைச் சொன்னதும், "ஓம் சேர், இல்லாட்டி பஸ் பின்னுக்குப் போயிடும்" என்றா.

பொடியனையும் அடுத்த நாள் காலையில் கூப்பிட்டேன். கொப்பியை வாங்கி, நான் போட்ட பிழையை வெட்டிச் சரி போட்டேன். "நீ சொன்னது சரி தம்பி, நான்தான் விதியைச் சொல்லாமக் கேட்டிட்டன்" என்றேன். வகுப்புக்கு முன்னால்தான் சொன்னேன். உடனே பின்வாங்கிலிருந்து இன்னொருத்தன் எழும்பி, "அப்ப சேர், நான் அஞ்சு எண்டு எழுதினா?" என்று கேட்டான்.

"விதியைச் சொல்லு" என்றேன். யோசித்துக்கொண்டு இருக்கிறான்.

மண்டபம் பற்றி முடிவு சொல்லக்கூடியவர்கள் தயவுசெய்து இன்பொக்ஸில் வாருங்கள்.